சாகோஸ் தீவுகள் யாருடையவை? வன்னியில் கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

பூநகரிப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிறேன். 2021 கடைசியில், சாகோஸ் தீவுகளில் ஒன்றான டியாகோ கார்சியாவின் பெயர் முதல்தடவையாக இங்கே அடிபட்டது. ஈழத்தமிழர் ஏறிய படகொன்று அங்கே போய்ச் சேர்ந்ததாகச் செய்தி. அப்புறம் 2025 மே மாதம், சாகோஸை மொரீசியஸுக்குக் கொடுக்கும் உடன்படிக்கையில் பிரித்தானியாவும் மொரீசியஸும் கையெழுத்து வைத்தபோது மறுபடியும் கேள்விகள். ஒரே விசயத்தைப் பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை வந்தபடியே போட்டிருக்கிறேன்.

இந்தத் தீவுகள் எங்கே கிடக்கின்றன?

மாலைதீவுக்குத் தெற்கே, சுமார் 500 கிலோமீற்றரில் தொடங்குகிறது சாகோஸ் தீவுக்கூட்டம். அறுபது வரையான சின்னச் சின்னத் தீவுகள். எல்லா நிலத்தையும் கூட்டினாலும் 60 சதுர கிலோமீற்றருக்குள்தான் வரும். அதில் ஏறக்குறைய பாதி டியாகோ கார்சியா என்ற ஒரே தீவு. அங்கேதான் அமெரிக்கப் படைத்தளம் இருக்கிறது.

கிளிநொச்சியில் இருந்து டியாகோ கார்சியாவுக்கு நேர்கோட்டில் 2,000 கிலோமீற்றர் அளவில் வரும். அதற்கு உரிமை கேட்கும் மொரீசியஸில் இருந்தும் கிட்டத்தட்ட அதே தூரந்தான். வாசிகசாலை உலகப்படத்தில் நூல் பிடித்துக் காட்டினால் பொடியன்கள் நம்ப மறுக்கிறார்கள்.

அங்கே முதலில் யார் இருந்தார்கள்? வெறும் தீவு என்றுதானே சொல்கிறார்கள்?

வெறும் தீவு என்பது வேண்டுமென்றே சொல்லப்பட்ட பொய்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர் அங்கே தென்னந்தோட்டம் போட்டார்கள். வேலைக்கு மடகஸ்காரில் இருந்தும் ஆபிரிக்கக் கரையில் இருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1814இல் மொரீசியஸோடு சேர்ந்து இந்தத் தீவுகளும் பிரித்தானியரின் கைக்கு வந்தன. அடிமை முறை ஒழிந்த பிறகு இந்தியாவில் இருந்தும் ஒப்பந்தக் கூலிகள் வந்து கலந்தார்கள். கொப்பரை காயவைத்து எண்ணெய் எடுப்பதுதான் தொழில். ஐந்தாறு தலைமுறையில் அவர்கள் தனிச் சனமாகவே ஆகிவிட்டார்கள். தங்களுக்கென்று ஒரு கிரியோல் பேச்சு, கோயில், சுடலை எல்லாம் இருந்தன.

1960களில் அமெரிக்காவுக்கு இந்து சமுத்திரத்தின் நடுவில் ஒரு தளம் தேவைப்பட்டது. சனம் இல்லாத தீவாக வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. ஆட்கள் இருக்கும் குடியேற்ற நாடு என்றால் ஐ.நா.வுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அதைத் தவிர்க்க, இவர்கள் நிரந்தரக் குடிகள் அல்ல, ஒப்பந்தத்துக்கு வந்து போகும் தொழிலாளர் என்று பிரித்தானிய அதிகாரிகள் கடதாசியில் எழுதிக்கொண்டார்கள். பாட்டன் பூட்டன் புதைந்த மண்ணில் நிற்கும் ஒருவரை 'தற்காலிகமாக வந்தவர்' என்று ஒரு கோப்பு மாற்றிவிடும். காணிக் கச்சேரிக்கு அலைந்து செருப்புத் தேய்ந்த எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வெளியேற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1968 அளவில் வைத்தியத்துக்கோ உறவுகளைப் பார்க்கவோ மொரீசியஸ் போனவர்களுக்குத் திரும்பிவரக் கப்பல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தீவில் மிஞ்சியவர்களுக்கு அரிசி, மருந்து வருவது குறைந்தது. 1971இல் டியாகோ கார்சியாவைக் காலிசெய்தார்கள். அங்கே இருந்த நூற்றுக்கணக்கான வளர்ப்பு நாய்களைக் கொப்பரைக் கொட்டிலில் அடைத்து, புகை விட்டுக் கொன்றார்கள். 1973இல் பெரோஸ் பானோஸ் தீவில் இருந்த கடைசி ஆட்களையும் ஏற்றினார்கள். மொத்தம் 1,500 முதல் 2,000 பேர் வரை. மொரீசியஸிலும் சீஷெல்ஸிலும் இறக்கிவிடப்பட்டார்கள்.

இறங்கிய இடத்தில் வீடும் இல்லை, வேலையும் இல்லை. தென்னை ஏறவும் மீன் பிடிக்கவும் தெரிந்தவர்களுக்குத் துறைமுகச் சேரியில் என்ன பிழைப்பு? அவர்களுடைய பேச்சில் 'சாக்ரேன்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஊரை நினைத்து ஏங்கி வரும் துயரம். அந்த நோயால்தான் அம்மா செத்தா, அண்ணன் செத்தான் என்று சொல்வார்கள்.

1965இல் மொரீசியஸ் தலைவர்களே சம்மதித்துத்தானே கொடுத்தார்கள்? பிறகு எப்படி வழக்குப் போட முடிந்தது?

இதுதான் நல்ல கேள்வி. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் கேட்டது.

சம்மதித்தது உண்மை. எப்படிச் சம்மதித்தார்கள் என்பதில்தான் கதை இருக்கிறது. 1965 செப்டெம்பரில் மொரீசியஸின் சுதந்திரம் பற்றி லண்டனில் மாநாடு நடந்தது. மொரீசியஸ் தரப்புக்குத் தலைவர் சீவூசாகூர் ராம்கூலம். பிரித்தானியப் பிரதமர் ஹரோல்ட் வில்சன் அவரைத் தனியாகச் சந்தித்தார். அந்தச் சந்திப்புக்கு முன் பிரதமருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கப்பட்டது. சுதந்திரம் கிடைக்கலாம் என்ற நம்பிக்கையையும், தீவு விசயத்தில் முரண்டு பிடித்தால் கிடைக்காமல் போகலாம் என்ற பயத்தையும் அவருக்குள் ஏற்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். பின்னாளில் அந்தக் கோப்பு வெளியே வந்துவிட்டது. 3 மில்லியன் பவுண் நட்டஈடு, மீன்பிடி உரிமை, பாதுகாப்புத் தேவை தீர்ந்ததும் தீவுகளைத் திருப்பித் தருவோம் என்ற வாக்குறுதி. இவற்றின் பேரில் சம்மதம் வாங்கினார்கள்.

1965 நவம்பர் 8ஆம் திகதி சாகோஸ் தனியாகப் பிரிக்கப்பட்டு 'பிரித்தானிய இந்து சமுத்திர ஆட்புலம்' ஆனது. அடுத்த மாதமே, மொரீசியஸைத் துண்டாடாதே என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. பிரித்தானியா காதில் வாங்கவில்லை. 1966 டிசெம்பரில் அமெரிக்காவோடு 50 வருட ஒப்பந்தம் எழுதியது. அதற்குப் பதிலாக ஏவுகணைக் கொள்வனவில் 14 மில்லியன் டொலர் தள்ளுபடி சத்தமில்லாமல் கிடைத்தது. மொரீசியஸ் சுதந்திரம் அடைந்தது 1968 மார்ச் 12.

அதிபருக்கு நான் சொன்ன பதில் இது: வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வளவில் பாதியை எழுதித்தா, அப்போதுதான் கதவைத் திறப்பேன் என்பவனிடம் வைத்த கையெழுத்துக்கு என்ன பெறுமதி? அவர் சிரித்துவிட்டு, கையெழுத்து கையெழுத்துத்தானே தம்பி என்றார். பிரித்தானியாவும் அதைத்தான் ஐம்பது வருடமாகச் சொன்னது.

உலக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னால் கொடுக்கத்தானே வேண்டும்?

தீர்ப்பு அல்ல, ஆலோசனைக் கருத்து. அப்படித்தான் பெயர். கட்டுப்படுத்தாது.

சாகோஸ் மக்கள் பிரித்தானிய நீதிமன்றங்களிலும் ஏறி இறங்கினார்கள். ஊர் திரும்பவிடாத சட்டத்துக்கு எதிராக ஒலிவியே பாங்கூ என்ற சாகோஸ் தலைவர் போட்ட வழக்கில் 2000ஆம் ஆண்டு வெற்றி கிடைத்தது. 2004இல் அரசு நாடாளுமன்றத்துக்குப் போகாமல், அரச கட்டளை ஒன்றால் அதை அடித்தது. 2008இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்று அரசின் பக்கம் நின்றது. 2010இல் அந்தக் கடலைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்தார்கள். பவளப்பாறையைக் காப்பது நல்ல காரியந்தான். ஆனால் மீன்பிடியைத் தடைசெய்தால் ஊர்க்காரர் திரும்பிவந்து பிழைக்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். வனத்துக்கு எல்லைக்கல் போட்டு வயற்காணியை அடைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதினம் இல்லை. அந்த அறிவிப்பு மொரீசியஸின் உரிமையை மீறியது என்று 2015இல் கடற்சட்ட நடுவர் மன்றம் சொன்னது.

பிறகு மொரீசியஸ் ஐ.நா.வுக்குப் போய், 2019 பெப்ரவரி 25ஆம் திகதி சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைப் பெற்றது. பிரித்தது சட்டப்படி சரியில்லை, எவ்வளவு கெதியாக முடியுமோ அவ்வளவு கெதியாக நிர்வாகத்தை முடித்துக்கொள்ள வேண்டும் என்று 13 நீதிபதிகள் சொன்னார்கள். எதிர்த்தவர் ஒரே ஒருவர், அமெரிக்க நீதிபதி. அதே வருடம் மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் ஆதரித்தன, 6 எதிர்த்தன. ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அது வந்தது, போனது.

அப்படியானால் எதுதான் பிரித்தானியாவை மேசைக்குக் கொண்டுவந்தது? என் எண்ணத்தில் ஒரு பெரிய அடி அல்ல, பல சின்ன அடிகள். 2021இல் மாலைதீவுடனான எல்லை வழக்கில் கடற்சட்டத் தீர்ப்பாயம், சாகோஸ் மொரீசியஸுடையது என்று எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்கியது. அதே வருடம் சர்வதேசத் தபால் ஒன்றியம் அந்த ஆட்புலத்தின் முத்திரைகளைச் செல்லாது என்றது. முத்திரைதானே என்று நினைக்கலாம். ஒரு அரசு இல்லாமற்போவது இப்படித்தான், ஒவ்வொரு கந்தோரிலும் ஒவ்வொரு கடதாசியாக. தளம் கிடக்கும் நிலத்தின் உறுதிப்பத்திரமே ஆட்டம் காணுகிறது என்று லண்டன் பயந்தது. 2022 நவம்பரில் பேசுவோம் என்று அறிவித்தது.

பேச்சுவார்த்தையில் யார் யார் இருந்தார்கள்?

ஒரு பக்கம் பிரித்தானிய அரசு. மற்றப் பக்கம் மொரீசியஸ் அரசு. கதவுக்கு வெளியே அமெரிக்கா, ஆனால் உள்ளே பேசுவது எல்லாம் அதன் காதில் விழும் தூரத்தில். இந்தியா மொரீசியஸுக்குப் பின்னால்.

துரத்தப்பட்ட சனம் இருக்கவில்லை. அவர்களிடம் சில கூட்டங்களில் பேசினார்கள், கருத்துக் கேட்டார்கள். கருத்துக் கேட்பது வேறு, கதிரை கொடுப்பது வேறு. 2002இல் சமாதானப் பேச்சுக்காகக் கிளிநொச்சிக்கு நோர்வேக்காரர் வந்துபோன காலத்தைக் கண்டவர்களுக்கு, மேசையில் எத்தனை கதிரை என்பதே பாதிச் சண்டை என்று தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாகோஸ் மக்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. மொரீசியஸில் இருக்கும் பாங்கூவின் அமைப்பு உடன்படிக்கையை ஆதரித்தது. இங்கிலாந்தில் கத்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குரோலி என்ற நகரில் பெருந்தொகையாகக் குடியேறியவர்களில் பலர், எங்களைப் பாரபட்சமாக நடத்திய மொரீசியஸிடம் எங்கள் மண்ணைக் கொடுக்க நீ யார் என்று கேட்டார்கள். கையெழுத்து வைக்கவிருந்த நாள் விடியற்காலையில்கூடச் சாகோஸ் பெண்கள் இருவர் லண்டன் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். சில மணித்தியாலத்தில் அது நீக்கப்பட்டது.

வாக்கெடுப்பு வைத்திருக்கலாமே?

பிரித்தானியாவின் கையில் இருக்கும் போக்லாந்து தீவுகளில் 2013இல் வைத்தார்கள். ஜிப்ரால்டரில் 2002இல் வைத்தார்கள். இரண்டு இடத்திலும் சனம் தங்கள் மண்ணில் இருந்தது, பிரித்தானியாவோடு இருக்கிறோம் என்று பெரும்பான்மையாகச் சொன்னது. சாகோஸில் வாக்குப்பெட்டி வைக்கலாம், போட ஆள் இல்லை. ஆளை அனுப்பியதும் அதே அரசுதான்.

2025 உடன்படிக்கையில் என்னதான் இருக்கிறது?

காணிப் பாசையில் சொல்கிறேன். உறுதிப்பத்திரம் மொரீசியஸின் பெயருக்கு மாறும். டியாகோ கார்சியா மட்டும் 99 வருடத்துக்குப் பிரித்தானியாவுக்குக் குத்தகை. அதை நீட்டவும் இடம் இருக்கிறது. தளத்தில் இருப்பதும் நடத்துவதும் முன்போல அமெரிக்கா. அந்தத் தீவைச் சுற்றி 24 கடல்மைல் வரை காவல் வலயம். மற்றத் தீவுகளில் வேறொரு நாட்டுப் படை வந்து குந்தாதபடி தடுக்கப் பிரித்தானியாவுக்கு அதிகாரம் உண்டு.

குத்தகைக் காசு முதல் மூன்று வருடமும் வருடத்துக்கு 165 மில்லியன் பவுண். அடுத்த பத்து வருடமும் 120 மில்லியன். அதன் பிறகு விலைவாசிக்கேற்ப ஏறும். இதைவிட மொரீசியஸின் அபிவிருத்திக்கு 25 வருடத்துக்கு வருடம் 45 மில்லியன். சாகோஸ் மக்களுக்கென்று ஒரு நிதியம், ஒரே தடவையாக 40 மில்லியன். முதல் வருடக் குத்தகையில் கால்வாசி. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா, 'தரகர் காசை விடக் குறைவு' என்றார்.

அப்படியென்றால் எல்லாம் முடிந்துவிட்டதா?

2025 மே 22ஆம் திகதி கையெழுத்தாகியது. ஆனால் கையெழுத்தாவதும் அமலுக்கு வருவதும் ஒன்றல்ல. இரண்டு நாடும் தங்கள் தங்கள் முறைப்படி உறுதிப்படுத்த வேண்டும். வாஷிங்டன் 2025இல் வரவேற்றது. 2026 ஜனவரியில் டிரம்ப் அதையே பெரிய மடைத்தனம் என்று சாடினார். பேச்சைத் தொடங்கியது கன்சர்வேட்டிவ் கட்சி அரசு, முடித்தது தொழிற்கட்சி அரசு, முடிந்தபின் நாட்டை விற்கிறார்கள் என்று கத்துவது கன்சர்வேட்டிவ் கட்சி. எழுதிவிட்டுக் கைவிடப்பட்ட பண்டா–செல்வா, டட்லி–செல்வா ஒப்பந்தங்களைக் கண்ட எங்களுக்கு ஆச்சரியப்பட என்ன இருக்கிறது.

மொரீசியஸிலும் ஆட்சி மாறியது. 2024 ஒக்ரோபரில் உடன்பாட்டை அறிவித்த பிரவிந்த் ஜக்நாத் அடுத்த மாதத் தேர்தலில் தோற்றார். வந்தவர் நவீன் ராம்கூலம். 1965இல் லண்டனில் சம்மதித்தவரின் மகன்.

இது கச்சதீவு மாதிரித்தானே?

இரண்டு அரசுகள் கடலில் கோடு கீறியது என்ற அளவில் மட்டும். 1974இல் கச்சதீவைப் பற்றிப் பேசியபோது அதில் குடியிருந்தவர் யாரும் இல்லை, அந்தோனியார் கோயில்தான் இருந்தது. கரையில் வலை காயப்போட்ட சனத்தை அங்கேயும் யாரும் கேட்கவில்லை, அது உண்மை.

மொரீசியஸில் தமிழர் இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு அங்கே அரச விடுமுறை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. 1998இல் புது நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று பெரிய சத்தம் எழும்பி, அந்த நோட்டுகளையே திரும்ப எடுத்தார்கள். சாகோஸோடு இதற்கு நேரடித் தொடர்பு இல்லை. கேட்டதால் சொல்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் அங்கே போய் மாட்டியது எப்படி? இப்போது போனால் லண்டன் கிடைக்குமா?

2021 ஒக்ரோபர் தொடக்கத்தில் கனடா போகவென்று கிளம்பிய படகொன்று நடுக்கடலில் பழுதாகி, 89 தமிழரோடு டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னால் இன்னும் சில படகுகள். அவர்களைத் தளத்துக்குப் பக்கத்தில் வேலி போட்ட ஒரு சின்ன இடத்தில் கூடாரங்களில் வைத்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். எலித் தொல்லை, உண்ணாவிரதம், தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டவர்கள். சிலரை வைத்தியத்துக்காக ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். அந்த ஆட்புலத்துக்கு அகதிகள் சமவாயம் பொருந்தாது என்பது அரசின் நிலைப்பாடு. பிரித்தானியக் கொடி பறக்கும் இடம், ஆனால் பிரித்தானியா அல்ல. ஐம்பது வருடத்துக்கு முன் சாகோஸ் மக்களுக்குச் சொன்ன அதே கதை.

மூன்று வருடத்துக்குப் பிறகு, 2024 டிசெம்பரில் பெரும்பாலானோரைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த மாதமே ஆட்புலத்தின் உச்ச நீதிமன்ற நீதிபதி மார்கரெட் ஒபி, அவர்களைத் தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். சிறை என்ற பெயர் மட்டுந்தான் இல்லை என்பது அவருடைய கருத்து.

இதைக் கேட்டுவிட்டு, 'பாத்தியே, கடைசியில லண்டன் குடுத்தவங்கள்' என்று ஒருவர் சொன்னார். இல்லை, தம்பி. இனி வருபவர்களை அத்திலாந்திக் சமுத்திரத்தில் இருக்கும் சென். ஹெலனா தீவுக்கு அனுப்ப 2024 ஒக்ரோபரிலேயே பிரித்தானியா ஒழுங்கு செய்தது. உடன்படிக்கை அமலுக்கு வந்தால் வருபவர்கள் மொரீசியஸின் பொறுப்பு. யாராவது ஏஜென்சிக்காரன் அந்தப் பாதையைக் காட்டினால், அந்தக் காசில் பத்துப் பசு வாங்கலாம்.

சாகோஸ் சனம் திரும்பிப் போகலாமா?

டியாகோ கார்சியாவுக்கு இல்லை. மற்றத் தீவுகளில் குடியேற்ற மொரீசியஸுக்கு உரிமை உண்டு. குடியேற்றியே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை. 'உண்டு' என்பதற்கும் 'வேண்டும்' என்பதற்கும் இடையில் ஒரு சனத்தின் மிச்ச ஆயுள் முழுக்க ஓடிப்போகும். ஐம்பது வருடம் ஆளில்லாத தீவில் இறங்குதுறை, குடிதண்ணீர், மின்சாரம், ஆஸ்பத்திரி எல்லாம் வெறுங்கையில் இருந்து தொடங்க வேண்டும். மீள்குடியேற்றம் சாத்தியமா என்று பிரித்தானியாவே 2015இல் ஆய்வு செய்வித்தது. முடியாது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, செலவாகும் என்றது. 2016இல் அரசு மறுத்துவிட்டது.

எனக்கு இரணைதீவு நினைவுக்கு வருகிறது. எங்களுக்கு முன்னால், எங்கள் கடலில். 1992இல் சனம் இடம்பெயர்ந்தது, அதன் பிறகு தீவில் கடற்படை. 2017 மே மாதத்தில் இருந்து இரணைமாதா நகரில் குந்தியிருந்து போராட்டம். கொழும்பில் பேசினார்கள், கடிதம் எழுதினார்கள், அளந்தார்கள். கடைசியில் 2018 ஏப்ரல் 23ஆம் திகதி சனமே வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் ஏறிப் போய் இறங்கியது. கோயிலில் செபம் சொல்லிவிட்டு, திரும்பமாட்டோம் என்று இருந்துவிட்டார்கள். அடுத்த மாதம் அரசு சம்மதித்தது. பேச்சுவார்த்தை அவர்களுக்குப் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொண்டது.

சாகோஸ்காரரும் 2022 பெப்ரவரியில் ஒருதடவை போனார்கள். மொரீசியஸ் அரசு ஏற்பாடு செய்த கப்பலில் பாங்கூவோடு ஐந்து பேர், பெரோஸ் பானோஸில் பிரித்தானியக் காவல் இல்லாமல் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் லிஸ்பி எலிசே. 1973இல் நாலு மாதக் கர்ப்பிணியாகக் கப்பலேற்றப்பட்டு, இறங்கியபின் பிள்ளையைப் பறிகொடுத்தவர். எழுத வாசிக்கத் தெரியாத அந்த அம்மாவின் வாக்குமூலத்தைத்தான் சர்வதேச நீதிமன்றத்தில் படமாகப் போட்டுக் காட்டினார்கள். தீவில் கோயிலையும் கல்லறைகளையும் துப்புரவாக்கினார்கள். மொரீசியஸ் கொடியை ஏற்றினார்கள். பிறகு கப்பலில் ஏறித் திரும்பிவிட்டார்கள்.

அங்க தென்னை இன்னும் நிக்குதோ மோனை?

கேட்டது இரணைமாதா நகரில் இருந்து பேரனோடு வந்த ஒரு ஆச்சி. இத்தனை கேள்வியிலும் இதை வேறு யாரும் கேட்கவில்லை.

நிற்கிறது, ஆச்சி. யாரும் பிடுங்காமல் தேங்காய் தானாக விழுந்து, விழுந்த இடத்திலேயே முளைத்து, வீடு இருந்த இடம் எல்லாம் காடாகிவிட்டது. தேங்காயை உடைத்துத் தின்னும் பெரிய நண்டு ஒன்று அங்கே நிறைய இருக்கிறதாம் என்றும் சொன்னேன். ஆச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அப்ப கிணறும் தூர்ந்திருக்கும். முதல்ல கிணத்தை இறைக்க வேணும்' என்றார்.